ஆடித் தள்ளுபடி

தோற்றுக்கொண்டே இருக்கிற அணியை எப்போது கலைத்துப் போட வேண்டும்? பேஸ்பால் உலகம் நூறு வருஷத்துக்கு மேலாக மண்டையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வி இது. சீசன் நடுவிலேயே கை வைப்பதா, முடிகிறவரை பல்லைக் கடிப்பதா, கிழங்களைத் தள்ளிவிட்டுப் பையன்களைக் கொண்டுவருவதா என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஒருவர் மட்டும் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே கலைத்துவிடுவார். தோற்பதற்குத்தான் அப்புறம் சாவகாசமாக நேரம் இருக்கிறதே.

அவர் பெயர் கொர்னீலியஸ் மெக்கிலிகடி. ஊர் உலகத்துக்கு கானி மேக். ஸ்கோர் அட்டையில் இடம் பத்தாமல் பெயரை வெட்டிக்கொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. வெறும் கதை. அவர்கள் வீட்டிலேயே ‘மேக்’ என்றுதான் புழக்கம். ஆனால் பின்னாளில் அவர் வெட்டிய வெட்டுகளைப் பார்க்கிறபோது, கத்தியைச் சொந்தப் பெயரில்தான் தீட்டிப் பார்த்திருப்பார் என்று யாருக்கும் தோன்றும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈஸ்ட் புரூக்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் 1862 டிசம்பரில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் ஆடினார். கேட்ச்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கும் வேலை. அந்தக் காலத்து விதிப்படி, பந்து மட்டையின் ஓரத்தில் உரசி கேட்ச்சர் கைக்கு வந்தால் ஆள் அவுட். மேக் என்ன செய்வார் என்றால், பந்து மட்டைப் பக்கமே போகாவிட்டாலும் கையுறையை ‘டக்’கென்று தட்டிச் சத்தம் எழுப்புவார். அம்பயர் கையைத் தூக்கிவிடுவார். இன்னொரு வித்தையும் உண்டு: அடிக்கப் போகிறவனின் மட்டையை விரலால் லேசாகத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. இதே மனிதர்தான் பிற்காலத்தில் கெட்ட வார்த்தை பேசாத, குரல் உயர்த்தாத, ‘மிஸ்டர் மேக்’ என்று எல்லோரும் பயபக்தியோடு கூப்பிடுகிற பெரிய மனுஷர் ஆனார். வயசாகிவிட்டால் எல்லாம் கழுவிவிடப்படும் போல.

1901-ல் அமெரிக்கன் லீக் பெரிய லீக்காகக் கடை திறந்தபோது ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணிக்கு மேனேஜர் ஆனார். கிரிக்கெட் ஞாபகத்தில், மேனேஜர் என்றால் ஹோட்டல் ரூம் சாவி வாங்கிக் கொடுப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. யார் ஆடுவது, எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று பேஸ்பாலில் சகலமும் மேனேஜர் வைத்ததுதான் சட்டம். அந்த நாற்காலியில் மேக் 1950 வரை உட்கார்ந்திருந்தார். 50 சீசன். மெக்கின்லி தொடங்கி ட்ரூமன் வரை 9 ஜனாதிபதிகள் வந்து போனார்கள். இரண்டு உலகப் போர் வந்து போயின. மேக் போகவில்லை.

யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லையா என்று கேட்கலாம். தூக்க வேண்டியவர் முதலாளி. ஆரம்பத்திலேயே கம்பெனியில் கால் பங்கு மேக்குக்கு. 1913-ல் அது பாதியானது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு “நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே” என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆள் நல்ல உயரம், ஈர்க்குச்சி உடம்பு. மற்ற மேனேஜர்கள் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கி அம்பயரிடம் சண்டை போடுவார்கள். மேக், ஜூலை வெயிலிலும் கோட்டு சூட்டு, கழுத்தை நெறிக்கும் கஞ்சி போட்ட காலர், தலையில் தொப்பி. பெஞ்சில் உட்கார்ந்தபடி கையிலிருந்த ஸ்கோர் அட்டையை இப்படி ஆட்டினால் ஆட்டக்காரர் நாலடி வலப்பக்கம் நகர வேண்டும். அப்படி ஆட்டினால் பின்னால் போக வேண்டும். சாவு வீட்டுக்குப் புறப்பட்ட வக்கீல் வழியில் மேட்ச் பார்க்க ஒதுங்கினது போல இருக்கும்.

நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் மேனேஜர் ஜான் மெக்ராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். 1902-ல் அவர் இந்த அணியைப் பார்த்து, முதலாளிக்கு ஒரு வெள்ளை யானை வாய்த்திருக்கிறது என்றார். தீனிக்கே சொத்து கரையும் என்று அர்த்தம். மேக் கோபப்படவில்லை. சரி, யானைதானே என்று அதையே அணியின் சின்னமாக வைத்துக்கொண்டார். 1905-ல் இரண்டு அணிகளும் உலகத் தொடரில் மோதியபோது மெக்ராவுக்கு ஒரு பொம்மை யானையைப் பரிசாகவும் கொடுத்தார். (உலகத் தொடர் என்பதில் ‘உலகம்’ எங்கே என்று கேட்கக் கூடாது.) அந்தத் தொடரில் மெக்ராதான் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

1910-லிருந்து மேக்கின் முதல் பொற்காலம். 1910, 1911, 1913 மூன்று வருஷமும் உலகத் தொடர் அவர் பையில். உள்வட்டத்தில் காவல் நின்ற நாலு பேருக்கு ‘லட்சம் டாலர் நால்வர்’ என்று பட்டப்பெயர்: மெக்கினிஸ், காலின்ஸ், பாரி, பேக்கர். இந்த ஃபிராங்க் பேக்கருக்கு ‘ஹோம் ரன் பேக்கர்’ என்று இன்னொரு பட்டம். (ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி.) 1911-ல் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் அவர். எத்தனை? 11. சீசன் முழுவதற்கும் சேர்த்து. 1911 உலகத் தொடரில் முக்கியமான இரண்டு ஹோம் ரன் அடித்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பந்து கல்லு மாதிரி செத்துக் கிடந்த காலம். அதற்கு 11 என்பது ராட்சச எண்ணிக்கை.

1914-ல் மறுபடி லீக்கில் முதலிடம், 99 வெற்றி. உலகத் தொடரில் எதிரே வந்து நின்றது பாஸ்டன் பிரேவ்ஸ். இதுதான் வேடிக்கையே. ஜூலை பாதி வரைக்கும் இந்த பிரேவ்ஸ் தங்கள் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி. யாரைக் கேட்டிருந்தாலும் கூண்டோடு மாற்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய மேனேஜர் ஸ்டாலிங்ஸ் கூண்டோடு மாற்றவில்லை. வலக்கைக்காரன் பந்து போட்டால் ஒரு கோஷ்டி, இடக்கைக்காரன் போட்டால் இன்னொரு கோஷ்டி என்று ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார். அடியிலிருந்து ஏறி வந்து கோப்பை வரைக்கும் போய்விட்டார்கள்.

அவர்களை முன்கூட்டி வேவு பார்த்து வா என்று மேக் தன் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், பெண்டரை அனுப்பியதாகச் சொல்வார்கள். பெண்டர் அமெரிக்கப் பழங்குடி ஒஜிப்வே வம்சத்தவர். ஊரே ‘சீஃப்’ என்று நக்கலாகக் கூப்பிட்டபோது மேக் மட்டும் மரியாதையாக ‘ஆல்பர்ட்’ என்பார். அந்த ஆல்பர்ட், இந்தப் பட்டிக்காட்டு அணியைப் போய்ப் பார்க்கவேறு வேண்டுமா என்று போகாமலே இருந்துவிட்டாராம். முதல் ஆட்டத்தில் பட்டிக்காடு அவரை நொறுக்கியது. நாலு ஆட்டம், நாலும் தோல்வி.

உள்ளே வேறு புகைச்சல். ஃபெடரல் லீக் என்று ஒரு புதுக் கம்பெனி, மூட்டை மூட்டையாகப் பணத்தோடு வந்து ஆட்களை வளைத்துக்கொண்டிருந்தது. மேக்கின் ஆட்கள் பாதிப் பேருக்கு மனசு ஏற்கெனவே அங்கே போய்விட்டது. இன்னொரு பக்கம் ஃபிலடெல்ஃபியா ஜனங்களுக்கு ஜெயித்து ஜெயித்துத் திகட்டிவிட்டது: 1913-ல் ஏறக்குறைய 5.7 லட்சம் பேர் டிக்கெட் வாங்கினார்கள். மறு வருஷம், அதே முதலிடம், 3.5 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. தினமும் பாயசம் போட்டால் பந்தியில் கூட்டம் குறையும் என்று மேக்குக்குப் புரிந்தது. அந்தக் கோடையில் பால்டிமோர் அணிக்காரர் கைச்செலவுக்குத் திண்டாடிக்கொண்டு, தன்னிடமிருந்த ஒரு குண்டுப் பையனை விலை சொல்லிக்கொண்டு மேக்கிடம் வந்தார். பணமில்லை, வேறு இடம் பார் என்று மேக் அனுப்பிவிட்டார். பையன் பாஸ்டனின் இன்னொரு அணிக்குப் போனான். பின்னாளில் பேஸ்பாலின் சக்கரவர்த்தி ஆன பேப் ரூத் அவன்தான்.

பிறகு தொடங்கியது விற்பனை. மூத்த பிட்சர்கள் பிளாங்க், பெண்டர், கூம்ப்ஸ் மூவரையும் சும்மாவே வெளியே விட்டார். இதையாவது மன்னிக்கலாம். ஆளை ஒரு வருஷம் தாமதமாக அனுப்புவதைவிட ஒரு வருஷம் முன்னாலேயே அனுப்புவது மேல் என்று பிற்காலத்தில் பிராஞ்ச் ரிக்கி என்ற பேஸ்பால் நிர்வாகி சொன்னதாக ஒரு தத்துவம் உண்டு. அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். ஆனால் எடி காலின்ஸ்? வயசு 27. அந்த வருஷம்தான் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியிருந்தார். அவரைச் சிகாகோவுக்கு 50,000 டாலருக்கு விற்றார். பேக்கர் சம்பளத் தகராறில் 1915 முழுக்க வீட்டில் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் நியூயார்க்கின் இன்னொரு அணிக்கு விற்றாயிற்று. பாரி, ரூத் போன பாஸ்டன் அணிக்கு. மிச்சம் மீதி இருந்த நல்ல சாமான்களும் 1918-க்குள் பாஸ்டனுக்கே போய்ச் சேர்ந்தன. விளைவு, 1915 முதல் 1918 வரை நாலு வருஷமும் கோப்பை வாங்கிய அணியில் மேக்கின் பழைய ஆள் ஒருவராவது இருந்தார். நம் வீட்டு அண்டாவில் ஊரெல்லாம் கல்யாணச் சமையல்.

வீட்டு நிலவரம்: 1915-ல் 43 வெற்றி, 109 தோல்வி. 56 பேரை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தார். காலேஜ் பையன்கள், வழியில் போகிறவர்கள், ஓய்வு பெறும் வயசில் திரும்பி வந்த பழைய நட்சத்திரம் லாஜோய் என்று கலந்து கட்டி அடித்தார்.

1916-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 36 வெற்றி, 117 தோல்வி. 1900-க்குப் பிறகு இவ்வளவு மட்டமான வெற்றி விகிதம் எந்த அணிக்கும் இல்லை. 8 அணி லீக்கில் ஏழாவது இடத்தில் இருந்த வாஷிங்டனே இவர்களைவிட 40 ஆட்டம் முன்னால் நின்றது. ஏழாவது ஆளைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டச் சொன்னால்கூடக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. விட் என்ற புதுப் பையன் ஷார்ட் ஸ்டாப்பில் நின்று 78 பிழை செய்தான். ஜாக் நேபர்ஸ் என்ற பிட்சருக்கு 1 வெற்றி, 20 தோல்வி. டாம் ஷீஹனுக்கு 1 வெற்றி, 16 தோல்வி. நேபர்ஸோடு ஒப்பிட்டால் இவர் பாக்கியவான்.

ஷீஹன் பிற்பாடு சொன்ன கதை ஒன்று. ஒரு நாள் நேபர்ஸ் பிரமாதமாகப் பந்து போட்டு, கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் 1-0 என்று அணி முன்னால் இருக்கிறது. கூட நின்றவர்கள் பந்தைத் தவறவிட்டு ஸ்கோரைச் சமமாக்கிவிட்டார்கள். எதிராளி ஒருவன் மூன்றாவது பேஸில், ஓடி வரத் தயாராக நிற்கிறான். நேபர்ஸ் அடுத்த பந்தை அடிக்கிறவன் தலைக்கு மேலே, கேட்ச்சர் தலைக்கும் மேலே, பின்னால் இருந்த ஸ்டாண்டை நோக்கி விட்டெறிந்தார். ஆட்டம் முடிந்தது. ஏனய்யா இப்படி என்று ஷீஹன் கேட்டதற்கு, இந்தப் பசங்களை நம்பி இந்த வெயிலில் இன்னும் ஒன்பது இன்னிங்ஸ் போட நான் என்ன கிறுக்கனா என்கிற பாணியில் பதில் வந்ததாம். அந்த சீசனில் அணியிலேயே நிலவரத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்பது என் கட்சி.

1915 முதல் 1921 வரை ஏழு வருஷம் தொடர்ச்சியாகக் கடைசி இடம். வேறு எந்த மேனேஜராக இருந்தாலும் இரண்டாவது வருஷமே பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பார்கள். இங்கே பெட்டியும் அவருடையது, தெருவும் ஏறக்குறைய அவருடையது. லாபத்துக்கு நல்ல வழி, சீசன் முக்கால்வாசி போட்டியில் இருந்துவிட்டுக் கடைசியில் நாலாவது இடத்தில் முடிப்பதுதான் என்று மேக் சொன்னதாக ஒரு பேச்சு வெகுகாலமாக உண்டு. கூட்டமும் வரும், கோப்பை வாங்காததால் எவனும் சம்பள உயர்வும் கேட்க மாட்டான். சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடியவர் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இந்த மனிதருக்கு ஆட்டம் தெரியாதா என்றால், அதுதான் எரிச்சல். அவரைப் போல ஆள் எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. 1920-களில் மறுபடி ஒன்றொன்றாகச் சேர்த்தார்: சிம்மன்ஸ், காக்ரேன், ஃபாக்ஸ், பால்டிமோரிலிருந்து 1,00,600 டாலருக்கு லெஃப்டி குரோவ். அந்த 600 எதற்கு? பேப் ரூத்துக்கு நியூயார்க் கொடுத்த ஒரு லட்சத்தைத் தாண்டியாயிற்று என்று சொல்லிக்கொள்வதற்கு. மொய்ப்பணத்தில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற மாதிரி. சிகாகோவுக்கு விற்ற காலின்ஸையும், 40 வயசு நெருங்கிய பிறகு, திரும்பக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார்.

1929 உலகத் தொடர், எதிரே சிகாகோ கப்ஸ். அணியில் ஹோவர்ட் எம்கி என்று 35 வயசு பிட்சர், தோள்பட்டை தேய்ந்துபோனவர். சீசன் முடியும் தறுவாயில் மேக் அவரைக் கூப்பிட்டு, கணக்கை முடித்துக்கொள்ளலாமா என்று பக்குவமாகப் பேச்செடுத்தார். இந்தக் கையில் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் மிச்சமிருக்கிறது என்றார் எம்கி. அப்படியானால் சும்மா ஊர் சுற்றாமல் கப்ஸ் ஆடுவதைப் போய்ப் பார்த்து வா என்று மேக் அனுப்பினார். பெண்டரைப் போல இல்லாமல் இவர் ஒழுங்காகப் போய்ப் பார்த்தார். முதல் ஆட்டத்துக்கு, குரோவ் போன்ற சூரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மேக் பந்தை எம்கி கையில் கொடுத்தார். சொந்த அணிக்காரர்களே வாயைப் பிளந்தார்கள். 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் எம்கி. அதுவரை உலகத் தொடரில் யாரும் செய்யாத சாதனை.

நாலாவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வரும்போது 8-0 என்று பின்னால் கிடந்தார்கள். சரி, இந்த இன்னிங்ஸ் போகட்டும், அடுத்ததில் பெரிய ஆட்களை உட்காரவைத்து பெஞ்சுப் பையன்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று மேக் முடிவு செய்துவிட்டதாகச் சொல்வார்கள். சிம்மன்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். தொடர்ந்து ஆளாளுக்கு அடித்தார்கள். கப்ஸின் ஹேக் வில்சன் வெயிலில் கண் கூசிப் பந்தைத் தொலைத்தார். அந்த ஒரே இன்னிங்ஸில் 10 ரன். ஒரு இன்னிங்ஸ் பொறுத்ததற்குக் கிடைத்த கூலி. அக்டோபர் 14-ல் கோப்பை கைக்கு வந்தது.

பத்தே நாளில் நியூயார்க் பங்குச் சந்தை மண்ணைக் கவ்வியது.

1930-ல் மறுபடி கோப்பை. 1931-ல் 107 வெற்றி. டிக்கெட் வாங்க மட்டும் ஆளில்லை: 1929-ல் 8 லட்சத்தைத் தாண்டிய கூட்டம் 1933-ல் 3 லட்சத்துக்கும் கீழே. பென்சில்வேனியா சட்டம் வேறு ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆடுவதைப் பாவமாக வைத்திருந்தது; வேலை இருக்கிறவனுக்கு லீவு கிடைக்கும் ஒரே நாளில் மைதானம் பூட்டிக் கிடக்கும். அந்தத் தடை நீங்கி 1934-ல் ஞாயிறு ஆட்டம் தொடங்கியபோது பார்ப்பதற்கு ஆட்டக்காரர்கள் அதிகம் மிச்சமில்லை. வங்கிக் கடன் கழுத்தை நெறித்ததில் மேக் மறுபடி கடையை விரித்துவிட்டிருந்தார். 1932-ல் சிம்மன்ஸோடு இன்னும் இருவர், முன்பு காலின்ஸை வாங்கிய அதே சிகாகோ அணிக்கு ஒரு லட்சம் டாலர். 1933 டிசம்பரில் காக்ரேன் டெட்ராய்ட்டுக்கு ஒரு லட்சம். குரோவோடு இன்னும் இருவர் பாஸ்டனுக்கு 1,25,000. 1935-ல் ஃபாக்ஸ், அதே பாஸ்டனுக்கு 1,50,000. காக்ரேன் போன வேகத்தில் டெட்ராய்ட்டை 1934-ல் லீக் முதலிடத்துக்கும் 1935-ல் உலகக் கோப்பைக்கும் கொண்டுபோனார். அண்டா மறுபடி அடுத்த வீட்டில்.

இந்த இடத்தில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 12 அடி உயரம்தான். எதிரே இருபதாவது தெருவில் வரிசையாக வீடுகள். வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் பெஞ்சு அடுக்கி, மைதானத்தை விட மலிவாக டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேக் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். கோர்ட்டிலும் கடைசி இடம். உடனே 1935-ல் தகரம் அடித்துச் சுவரை 34 அடிக்கு உயர்த்திவிட்டார். ‘வயித்தெரிச்சல் வேலி’ என்று ஊர் பெயர் வைத்தது. அதாவது பார்க்கத் தகுந்த ஆட்களில் பெரும்பாலானவர்களை விற்றுவிட்டு, யாரும் ஓசியில் பார்த்துவிடக் கூடாது என்று வேலி போட்டார்.

விற்கிற வியாதி அந்த அணிக்கு ரத்தத்தோடு வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து, அணி ஓக்லண்டில் இருந்தபோது, ஃபின்லி என்ற முதலாளி 1972 முதல் 1974 வரை மூன்று கோப்பை தொடர்ந்து வாங்கினார். 1976 ஜூனில் ரூடி, ஃபிங்கர்ஸ் இருவரையும் தலைக்குப் பத்து லட்சம் டாலர் என்று பாஸ்டனுக்கு விற்றார். பாஸ்டன் அணி அன்றைக்கு ஓக்லண்டிலேயே ஆட வந்திருந்தது. இரண்டு பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரணி அறைக்கு நடந்தே போய் பாஸ்டன் சீருடையை மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாளில் பேஸ்பால் கமிஷனர், செல்லாது, திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மேக் காலத்தில் அப்படி யாராவது சொல்லியிருந்தால் கதை வேறு. இந்த ஃபின்லி, அணி கன்சாஸ் சிட்டியில் இருந்தபோதே யானைச் சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு கோவேறு கழுதையைக் கொண்டுவந்து வைத்தவர். அதன் பேச்சை எடுத்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

மேக் 1935-க்குப் பிறகும் 15 சீசன் உட்கார்ந்திருந்தார். பெரும்பாலும் கடைசி இடம், எப்போதாவது நடுவரிசை. மொத்தக் கணக்கில் 3,731 வெற்றி, 3,948 தோல்வி; இரண்டுமே சாதனை, இரண்டையும் இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. எத்தனையோ ஆட்களை மாற்றினார், விற்றார், விரட்டினார், திரும்பக் கூட்டிவந்தார். பெஞ்சில் சூட்டும் காலருமாக உட்கார்ந்திருந்த அந்த ஒரு உருப்படியை மட்டும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை ஏர்ல், அப்பாவுக்குப் பிறகு நாம்தான் என்று கால் நூற்றாண்டு உதவி மேனேஜராகப் பக்கத்திலேயே காத்திருந்தார். தலைமுடி நரைத்தது, நாற்காலி வரவில்லை. பங்காளிகளுக்குள் சண்டை முற்றி, பிள்ளைகள் இருவர் அணியை அடமானம் வைத்து மற்றவர்களின் பங்கை வாங்கிய பிறகு, 1950 அக்டோபரில், 87 வயசில் கிழவர் எழுந்தார். நாலு வருஷத்தில் அணியையே விற்றுவிட்டார்கள். இந்தத் தடவை மொத்த வியாபாரம். 1955-ல் யானை கன்சாஸ் சிட்டிக்கு ரயிலேறியது.

எழுவதற்கு முந்தைய வருஷங்களில் மத்தியான வேளையில் பெஞ்சிலேயே கண்ணயர்ந்துவிடுவாராம். ஆட்டம் இறுகும் நேரத்தில் விழித்துக்கொண்டு, அட்டையை ஒரு ஆட்டு ஆட்டி, “ஃபாக்ஸைப் போகச் சொல்” என்பார். ஃபாக்ஸ் பாஸ்டனுக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சில நாள் பேக்கரைக் கேட்பார். அவரை விற்று முப்பது வருஷம். கோச்சாக நின்றுகொண்டிருந்தவர் சிம்மன்ஸ், விற்கப்பட்டுத் திரும்பி வந்த அதே சிம்மன்ஸ். “சரிங்க, மிஸ்டர் மேக்” என்று தலையாட்டிவிட்டு, பெஞ்சில் இருக்கிற ஏதோ ஒரு பையனுக்குக் கண்ணைக் காட்டுவார். பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவான்.